தண்ணி வெயில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்து ஒரு காலைநேரம். கார் நெல் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மேலப்பாளையத்தில், கால்வாய்க் கரையை ஒட்டினாற்போல் இருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் நடந்தது இது.

வண்ணார்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. எனக்கு யாரும் படம் எடுக்கச் சொல்லித் தந்ததில்லை. என் வீட்டுக்காரர் கல்யாண வேலைக்கு வெளியூர் போகும் நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்ளப் போனவள், "சும்மா உக்காந்திருக்கதுக்கு பட்டன அமுக்கேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டு அமுக்க ஆரம்பித்தேன். பாஸ்போர்ட் படம், விசா படம், பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுகிற படம். காது இரண்டும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது, பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், ஆள் நட்ட நடுவில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

கலைப்படம் என்று யூடியூபில் சிலர் காட்டுவதையும் பார்ப்பேன். ஒரு மூலையில் ஆளை உட்கார வைத்து முக்கால்வாசியை இருட்டாக விட்டிருப்பார்கள். "இருட்ட எடுக்கதுக்குக் கேமரா எதுக்கு, கண்ண மூடுனாப் போதாதா?" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பேன். விளக்குக்கு அடியில் இருட்டு என்பார்களே, நான் அந்த அடியிலேயே உட்கார்ந்திருந்தேன் போல.

அப்படி இருக்கையில் ஒருநாள் விசா படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவரோடு போய்ச் சேரப் போகிறாள். படத்தை வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, எங்க உம்மாவ ஒரு படம் எடுத்துத் தரணும். ஆனா அவ்வோ எடுக்க விடமாட்டாவ."

விடமாட்டார்கள் என்றால் எப்படி எடுப்பது? விவரம் கேட்டேன். அவளுடைய உம்மாவுக்குப் படம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஆதார் அட்டையில். அதைப் பார்த்துவிட்டு, "இது நானில்ல, எவளோ களவாணி" என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்தான், அதற்கப்புறம் எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டவில்லை. மகள் கல்யாணத்தில்கூடப் பெண்கள் பக்கத்தில் படம் எடுக்க ஆள் வந்ததும் அடுப்படிக்குள் போய்விட்டாராம். போனில் எடுக்க விடுவதில்லை. "போன்ல கெடக்கது ஊருக்கே கெடக்கது" என்பது அவர் கணக்கு.

"வீடியோ கால்ல பாத்துக்கிடலாமே?" என்றேன்.

"நீங்க வேற. வீடியோ கால் போட்டா உத்தரத்தக் காட்டிக்கிட்டே பேசுதாவ. மாமியா வீட்டுல ஒரு மாசம் இருந்தேன், எங்க வீட்டு ஓட்டுல எத்தன ஓட்டைன்னு எனக்கு மனப்பாடம்."

சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடியும் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாப்பா இல்லாத வீடு. கூடப் பிறந்தவர்களும் இல்லை. திரும்பி வர இரண்டு வருடமோ மூன்று வருடமோ, தெரியாது. உம்மாவைக் கையோடு கொண்டுபோக ஒரு வழி வேண்டும் என்று கேட்கிறாள். இதற்கு எப்படி இல்லை என்று சொல்வது?

அவள் கிளம்புகிற நாள் காலையில்தான் எனக்குத் தோது வாய்த்தது. சாயங்காலம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார். நான் விளக்கு, குடை, ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு போய் இறங்கினேன். வாசலில் நின்ற உம்மா என்னையும் என் சாமான்களையும் ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றிப் போட்டிருந்தார்.

"என்னம்மா, மைக்செட்டு கட்டப் போறியளா?"

மகள் சமாதானம் சொன்னாள். முகம் வேண்டாம், துப்பட்டியால் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"துப்பட்டிய எடுக்கதுக்கு நான் எதுக்கு? அந்தா கொடியில காயுது, நல்லா எடுத்துக்கோ."

வாயைக் கொடுத்தால் மீளமுடியாது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கேலிக்குள் ஒரு தழுதழுப்பு இருந்தது. மகள் போகிறாளே என்ற நினைப்பு அவருக்கு மட்டும் இல்லாமலா இருக்கும்? கடைசியில் மகள் கெஞ்சின கெஞ்சலில், "மொகம் விழக் கூடாது. போன்ல ஏறக் கூடாது. பேப்பர்ல ஒண்ணே ஒண்ணு போட்டு அவ கையில குடுத்துட்டு, மிச்சத்த அழிச்சிரணும். சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். ஒரு வேலைக்கு இத்தனை வேலியா என்று உள்ளுக்குள் சலிப்புத்தான்.

பின்கட்டில், சுண்ணாம்பு அடித்த ஒரு வெறும் சுவருக்கு முன்னால் அவரை முக்காலியில் உட்கார வைத்து, கைகளை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டு, ஒரு பொட்டு நிழல் இல்லாமல் பளிச்சென்று எடுத்தேன். மடியில் இரண்டு கை, நட்ட நடுவில். கேமராத் திரையை மகளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, மனம் நோகாமல் சொல்ல முயன்றாள். "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா இது யாரு கையாவும் இருக்கலாம்லா?"

உம்மா எட்டிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில கை ஒடஞ்சதுக்கு எடுத்த மாதிரி இருக்கு."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தினேன். அந்த நேரம் பார்த்துப் பொட்டென்று மின்சாரம் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பாம். சாயங்காலம்தான் வரும் என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தப் பெண் வெறுங்கையோடு போகப் போகிறாளே என்று வயரைச் சுருட்டிக்கொண்டே மருகினேன்.

பின்கட்டு இருட்டாகக் கிடந்தது. உம்மா எழுந்துபோய், புழுக்கத்துக்காகப் பின்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டார். திறந்தவர் அப்படியே திரும்பி, "ஏட்டி, தண்ணி வெயிலு வந்துட்டு, பாரு" என்றார்.

அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. தண்ணி வெயில் என்றால் என்ன என்று கேட்க வாயெடுத்தவள், சுவரைப் பார்த்ததும் கேட்கவில்லை.

கதவுக்கு வெளியே நாலு படி இறங்கினால் கால்வாய். கிழக்கு வெயில் அந்தத் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து துள்ளிக் கதவு வழியாக உள்ளே வந்து, அந்த வெறும் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. வெயில் என்றால் அசையாமல் கிடக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது ஓடியது. கெண்டை மீன் கூட்டம் புரளுகிற மாதிரி, வலை விரிந்து சுருங்குகிற மாதிரி, பொன்னை உருக்கி யாரோ சுவரில் பைய ஊற்றுகிற மாதிரி. சத்தமே இல்லை. ஆற்றுத் தண்ணீர் எல்லாம் வெளிச்சமாகி வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வருசம் பூரா இது வராது" என்றார் உம்மா. "பாபநாசத்துல தண்ணி தொறந்தாத்தான் வரும். கால்வா வத்திட்டுன்னா வெறும் சொவருதான்."

இன்னொன்றும் அன்றுதான் கண்டேன். வானத்திலிருந்து நேராக வருகிற வெயில், பொழுது ஏற ஏறத் தரைக்கு இறங்கும். தண்ணீரில் பட்டு வருகிற வெயில், பொழுது ஏற ஏறச் சுவரில் மேலே ஏறும். ஏறி ஏறி உத்தரத்தைத் தொட்டு, ஓட்டில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போய்விடும்.

இதற்குள் அந்தப் பெண் சுவரண்டை போய், உள்ளங்கையால் ஓர் அலையைச் சட்டென்று அமுக்கினாள். அது கைக்கு மேலே ஏறி ஓடியது. "புடிக்கத் தெரியல பாரு, வெளிநாடு போறாளாம்" என்று சொல்லிக்கொண்டே உம்மாவும் போனார். சின்ன வயதில் இவளுக்குச் சோறூட்ட இந்த விளையாட்டுத்தானாம். ஒரு கவளத்துக்கு ஒரு வெயில் மீன். உம்மா கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, சுவரில் ஓடும் வெளிச்சத்தைப் பிடிக்கிற பாவனையில் வைத்தார். "இந்தா, அம்புட்டுட்டு. வாயத் தொற."

அந்தப் பெண் நிஜமாகவே வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கேமரா கழுத்தில் தொங்குவது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தூக்கினேன். பழக்கதோஷம், உம்மாவின் கையை நடுவில் கொண்டுவந்தேன். பார்த்தால், ஓடுகிற வெளிச்சத்துக்குப் போக இடமில்லை, மூச்சு முட்டுகிறது. இரண்டடி பின்னால் வந்தேன். கையைக் கீழ்மூலைக்குத் தள்ளி, மேலே சுவரை வெறுமனே விட்டேன். வெறுமை என்றா சொன்னேன்? அங்கேதான் எல்லாம் நடந்தது. முகம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தலைத்துணியின் ஓர் ஓரம், ஒரு கை, ஒரு கண்ணாடி வளையல், உள்ளங்கை நிறையத் தண்ணி வெயில், அதற்கு மேலே தப்பித்து ஏறிக்கொண்டிருக்கும் மீதி வெயில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வெளிச்சத்தை அளந்து கேமராவுக்குள் விட்டேன். பின்கட்டு முழுவதும் கருத்து அடங்க, அந்த அலைகள் மட்டும் ஒவ்வொரு கோடாக எழுந்து வந்தன. ஒருதடவைதான் அமுக்கினேன். அடுத்த நிமிடம் வெயில் உத்தரத்துக்குப் போய்விட்டது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்வதுண்டு. வெயிலின் அருமை நிழலில் தெரியும் என்பதை எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை.

திரையைக் காட்டினேன். படத்தைத் தொடப் பயந்தவள் போல மகள் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இத மொதல்லயே ஆதாருக்குக் குடுத்திருக்கலாம்லா?" என்றார். சொல்லிவிட்டு மகளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பின்கட்டில் யாரும் கேலி பேசவில்லை.

வண்ணார்பேட்டையில் மின்சாரம் இருந்தது. மகளை என்னோடு கூட்டி வந்து, கடையில் இருந்ததிலேயே நல்ல தாளில் ஒரே ஒரு படம் போட்டேன். இயந்திரத்திலிருந்து அது பையப் பைய வெளியே வந்தபோது, இதையா நான் எடுத்தேன் என்றிருந்தது. இனி அழிக்க வேண்டும். விரல் பட்டன் மேல் இருக்கிறது, அமுக்க மனசில்லை. அத்தனை வருடம் காதை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு வாராது வந்த மாமணி அது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"வச்சுக்கோங்க அக்கா. உம்மாட்ட நான் சொல்ல மாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. முகத்தையே யாருக்கும் தராத ஒரு மனுஷி, மகளுக்குச் சோறூட்டிய விளையாட்டை என் கண்முன் விரித்துக் காட்டியிருக்கிறார். என் சம்மதம் என்ற ஒரு சொல்லை நம்பித்தானே? அவள் பார்க்க அழித்தேன். அவள் படத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனாள்.

அடுத்த வருடம் ஆனியில், ஒருநாள் காலை கடை திறந்த நேரம், அவளிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, இப்பத்தான் உம்மாட்ட வீடியோ கால்ல பேசினேன். எப்பவும்போல உத்தரத்தத்தான் காட்டுனாவ. ஆனா அங்கன தண்ணி வெயிலு ஆடுது அக்கா! அணை தொறந்துட்டாவளாம். தெரிஞ்சு காட்டுனாவளா, தெரியாமக் காட்டுனாவளான்னு தெரியல. நான் வாயத் தொறந்துக்கிட்டே பாத்தேன்."

நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்னிடம் இல்லை. யாரிடமும் காட்டிப் பெருமைப்பட வழியில்லை, இவ்வளவு எழுதியும் உங்களுக்கும் காட்ட முடியாது. ஆனாலும் இன்று வரை, பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் எதிரே வந்து உட்காரும்போது, காதைச் சரிபார்க்கும் முன்பு ஒரு கணம் நின்று, இவருக்கு வெளிச்சம் எந்தத் தண்ணீரில் பட்டு வருகிறதோ என்று பார்க்காமல் என் விரல் பட்டனுக்குப் போவதில்லை.