எல்லை தாண்டாத நெல்

1973 தை மாதம், தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் உள்ளூர் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு அறுவடைக்கு இறங்கவில்லை. முதுகுளத்தூர்ச் சீமையிலிருந்து லாரியில் ஆள் வந்தது. அதில் பொன்னுத்தாய், அவள் புருஷன் நல்லக்கண்ணு, பத்து வயது மகள் அம்சம்.

"வந்துட்டாளுக, எங்க வயித்துல அடிக்க!" என்று வரப்பில் நின்று கத்தினாள் உள்ளூர்க்காரி ரெத்தினம்.

"எங்க வயிறே காஞ்சு கெடக்கு ஆத்தா. அடிக்கத் தெம்பு ஏது?" என்றாள் பொன்னுத்தாய்.

கூலி இரண்டு மூட்டை நெல். அறுப்பு முடிந்து ஊர் திரும்பும்போது மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடியில் அதைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். அனுமதியில்லாமல் தஞ்சை நெல் வெளியே போகக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெறுங்கையோடு ஊருக்குப் போய் என்ன செய்வது? பண்ணைக்கே திரும்பினார்கள்.

பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் வைத்தியலிங்கம் களத்துக் கொட்டகையில் தங்கவிட்டார். ஆனி மாத நடவுக்கு அம்சமும் இறங்க வேண்டும் என்பது பேச்சு. அம்சமோ அதற்குள் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். சேற்றில் இறங்கினால் படிப்பு அதோடு சரி. இறங்காவிட்டால் கொட்டகை போய்விடும்.

"நெல்லைத்தானே பிடிக்கிறாங்க? அது நெல்லா இல்லாமப் போயிட்டா?" என்று ஒருநாள் கேட்டாள் பொன்னுத்தாய்.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றான் நல்லக்கண்ணு.

அவள் பண்ணையில் மறுபடி கிடைத்த கூலி நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறுவதற்குள் இடித்து அவலாக்கினாள். சாவடிக் காவலர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மென்றார். "வெல்லம் இல்லையா?" என்று சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். முதுகுளத்தூர்ச் சந்தையில் ஒரே காலையில் மூட்டை காலி. அப்புறம் அந்தக் காசில் நெல் வாங்கி அவலாக்கி, மாதம் இரண்டு தடவை நல்லக்கண்ணு போய்வந்தான்.

ஆனி பிறந்தது. "நாத்து முத்திக்கிட்டு நிக்குது, பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டு வந்தார் வைத்தியலிங்கம்.

"பள்ளிக்கூடத்துலங்க ஐயா."

"அப்பக் கொட்டகையைக் காலி பண்ணு."

"சட்டி பானையெல்லாம் காலையிலேயே எடுத்தாச்சுங்க. பாபநாசம் கடைத்தெருவுல ஒரு ரூம் பாத்துட்டோம்."

வருஷங்கள் போய், அம்சம் தஞ்சாவூரில் நர்ஸ் ஆனாள். பெற்றோர் இருவரும் ஒரு போகம் முழுக்க அறுத்துச் சம்பாதித்ததைவிட அவளுடைய ஒரு மாதச் சம்பளம் அதிகம். பொன்னுத்தாயிடம் அவல் வாங்க வந்த ரெத்தினத்துக்கு அது விளங்கவே இல்லை.

"ஒரே வயல்ல, ஒரே மரக்கா கூலி. எம் புள்ள இன்னும் சேத்துலதான் நிக்கிறான். என்னடி சூட்சுமம்?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு மனைப்பட்டா இருந்துச்சு, இருந்துட்டீங்க. எங்களுக்கு இருக்கவும் இடமில்ல, போகவும் வழியில்ல."

"அந்தப் பட்டாவுக்காகப் போராடித்தான் எங்க வீட்டு மனுஷன் ஜெயிலுக்குப் போனாருடி."

பொன்னுத்தாய் அவலை அளந்து போட்டாள். ரெத்தினம் பையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"எம் பேத்தி பத்தாவது படிக்கிறா. நர்ஸுக்கு என்ன படிக்கணும்னு உம் மவகிட்ட கேட்டுச் சொல்லேன்."