நிரம்பக் கூடாத தொட்டி

சினிமா நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் கேரவன் வண்டியில் நான் குடியிருந்திருக்கிறேன் என்று சொன்னால் கல்லூரியில் யாரும் நம்பியதில்லை. நம்பிய ஓரிருவரும் எந்த நடிகருடன் என்றுதான் கேட்டார்கள். நடிகர் யாரும் இல்லை. அப்பா, அம்மா, அத்தை, நான் என்று எங்கள் வீட்டு ஆட்கள்தான் இருந்தோம்.

அப்பா அந்த வண்டியின் டிரைவர். முதலாளி கோடம்பாக்கத்துக்காரர். மழை மாதங்களில் படப்பிடிப்பு குறைந்துவிடும். அப்போது தண்டையார்பேட்டையில் ஒரு குடோன் வளாகத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா எண்ணூருக்கு வீடு வந்துவிடுவார். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் மழை விடவே இல்லை. கால்வாய் பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது. வெறும் தண்ணீராக வந்திருந்தால் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து சமாளித்திருப்போம். ஆயில் மிதக்கும் கறுப்புத் தண்ணீர் வந்தது. அம்மாவின் அரிசி டிரம் அதில் சாய்ந்ததும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கேரவனுக்குப் போனார். முதலாளியிடம் சொல்லவில்லை.

"தண்ணி வடிஞ்சதும் வூட்டுக்குப் போயிடலாம். அதுவரைக்கும் யாரும் எதையும் நோண்டக் கூடாது" என்றார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் மாமாவோடு ஏதோ பேஜார் ஆகி, வயிற்றில் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா ஒருமுறைகூட வந்து கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அத்தை நடப்பதுகூடச் சத்தமில்லாமல் இருக்கும். அம்மா சோறு போட வரும்போது "போதும் அண்ணி" என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் தட்டை நீட்டுவாள்.

கேரவன் எனக்கு அரண்மனையாகத் தெரிந்தது. சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, சுழலும் நாற்காலி, மெத்தை போட்ட இருக்கை, அலமாரி அளவே உள்ள கக்கூஸ். கதவுக்குப் பக்கத்தில் சின்ன விளக்குகள் வைத்த பலகை ஒன்று இருந்தது. வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர் இருக்கும். நாங்கள் கழுவுவதும் குளிப்பதும் கழிப்பதும் இன்னொன்றில் போய்ச் சேரும். அந்த இரண்டாவது தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அந்தப் பலகை காட்டும். பச்சை என்றால் இடம் இருக்கிறது, மஞ்சள் என்றால் பாதி, சிவப்பு என்றால் இனி ஒரு குவளைகூடப் போகக் கூடாது.

மற்ற நாட்களில் கழிவுநீர் லாரிக்காரர் வந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போவார். மழையில் லாரி எங்கோ சிக்கிக்கொண்டது. தெருவில் இருந்த சாக்கடை மூடிகளோ தாங்களே பொங்கிக்கொண்டிருந்தன. வளாகத்தில் ஊற்றிவிடலாம் என்றால் அங்கே எங்களைப் போல வீடு முழுகிய குடும்பங்கள் குடோன் தாழ்வாரத்தில் தங்கியிருந்தன. அவர்கள் எல்லோரும் குடிக்கிற தண்ணீர்த் தொட்டி எங்கள் வண்டிக்கு இரண்டு எட்டில், தரையோடு தரையாக இருந்தது.

குடோன் வாட்ச்மேன் முதல் நாளே சொல்லிவிட்டார். "நீ இங்க இருந்துக்கோ மாமு, நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் வண்டிலேந்து ஒரு சொட்டு கீழ வந்துச்சு, அப்பால நானே வண்டிய எடுக்கச் சொல்லிடுவேன். புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

அப்பா அதை மதித்தார். எங்களை உட்காரவைத்து விளக்கினார். நல்ல தண்ணீர் நிறையக் கிடக்கிறதே என்று நினைக்கக் கூடாது, அது போவதற்குக் கீழே இடம் கிடையாது. எனக்கு அது புதிராக இருந்தது. எங்கள் தெருவில் வாழ்நாளெல்லாம் குடிதண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றிருக்கிறோம். தண்ணீர் கையில் இருந்தும் செலவழிக்க முடியாத கஷ்டம் ஒன்று உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அம்மா தட்டுகளைக் கழுவாமல் பழைய பேப்பரால் துடைத்தாள். சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தோம். குளியல் என்பது ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வதாக ஆயிற்று. அப்பா வெளியே மதில் பக்கம் போய்வந்தார். அம்மா விடியும் முன் என்னைக் கூட்டிக்கொண்டு கன்டெய்னர் பெட்டிகளுக்குப் பின்னால் போவாள். பாசி பிடித்து வழுக்கும் இடம், முழங்கால் தண்ணீர். அத்தையால் அந்த வயிற்றோடு அங்கே வர முடியாது.

"நீ உள்ளயே போய்க்கோம்மா. உனக்கின்னா தலையெழுத்து, தண்ணில எறங்கணும்னு" என்று அம்மா சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். ஆனால் பலகையில் மஞ்சள் வந்த அன்று அம்மா விளக்கைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு யோகம் வந்தது. அத்தை தன் டீயை எனக்குக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்குக் குமட்டிகினு வருது கண்ணு, நீ குட்ச்சிரு. அண்ணிகிட்ட சொல்லாத, அப்பறம் திட்டும்."

டீ மட்டுமில்லை, கஞ்சியும் என் பங்கோடு சேர்ந்து வந்தது. குழம்பு தொடாமல் பன்னைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருப்பாள். தொண்டையில் அடைக்கும்போது டம்ளரை எடுத்து உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. அத்தைக்கு என்மேல் இவ்வளவு ஆசை என்று முன்பு எனக்குத் தெரியாது. நன்றிக்கடனாக அவள் கால்களை அமுக்கிவிட்டேன். கால் வீங்கி, என் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. அது விளையாட்டாக இருந்ததால் குழி போட்டுப் போட்டுப் பார்த்தேன். அத்தை சிரித்தாள்.

சிவப்பு விளக்கு வரவில்லை. மஞ்சளிலேயே நின்றது. அப்பாவுக்கு அது பெரிய ஆச்சரியம்.

"பரவால்லியே, நல்லாத்தான் சமாளிக்கிறீங்க" என்றார் அம்மாவிடம். அத்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் பரிசு வாங்கியவள் போல அவள் முகம் மலர்ந்தது.

மழை விட்ட மறுநாள் காலையில் அத்தைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. முதலில் குளிர் என்று நினைத்து அம்மா இருந்த போர்வையையெல்லாம் அவள்மேல் போட்டாள். நெற்றியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். முதுகு பிளக்கிறது என்று அத்தை முனகினாள். கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"இன்னும் மாசம் ஆவலியே" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

ஆட்டோ கிடைக்கவில்லை. போனில் ஆம்புலன்ஸ் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. அப்பா ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி வண்டியைக் கிளப்பினார். வாட்ச்மேன் தண்ணீரில் முன்னால் நடந்து பள்ளம் இல்லாத வழியைக் காட்டினார். திருப்பங்களில் வண்டிக்கடியில் தொட்டித் தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. அம்மா அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வந்துட்டோம்மா, தோ வந்துட்டோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் கேரவன் நின்றதும் கூட்டம் கூடிவிட்டது. யாரோ பெரிய நடிகர் வெள்ளம் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. அப்பா அத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவள் சேலை நனைந்திருந்தது. போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒன்று மட்டும் இறங்கவில்லை. அந்தப் படம் முதலாளி வரைக்கும் போய், பிறகு அப்பாவின் வேலை போனது.

பிரசவ வார்டின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து அம்மாவிடம் கடுகடுத்தார்.

"இவங்க தண்ணியே குடிக்கறதில்லியா? யூரின அடக்கி அடக்கி வச்சிருந்திருக்காங்க, இன்ஃபெக்ஷன் கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. வூட்ல யாரும் பாக்க மாட்டீங்களா?"

"குட்ச்சிகினுதானம்மா இருந்துச்சு" என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். பெஞ்சில் இருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நர்ஸ் எதற்காகக் கோபிக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அம்மா என்னை உள்ளே கூட்டிப்போனாள். அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கையில் பாட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வயிறு தணிந்திருந்தது. பாப்பா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பாப்பா வர்லம்மா" என்றாள் அம்மா.

அம்மா அங்கேயே தங்கிவிட, அப்பா என்னோடு புறப்பட்டார். வண்டியை முன்னிருந்த இடத்திலேயே விட வேண்டும். நான் முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் வந்திருந்தது. ரோட்டோரத்தில் மெத்தைகளைக் காயப் போட்டிருந்தார்கள். அம்மா சொன்னதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வரவில்லை என்றால் பஸ் வராதது மாதிரி, கொஞ்சம் பொறுத்து அடுத்ததில் வரும் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்பாவைப் போலவே எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்த்துப் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை.

"நல்லவேள நைனா, பாப்பா இப்ப வர்ல" என்றேன். "வந்திருந்தா அதுக்குக் குளிப்பாட்டி, துணி அலசி, அந்தத் தண்ணியெல்லாம் எங்க வுடறது?"

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் சொன்னது சரிதானா என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, கெட்டிக்காரி என்று என்னைச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.