மைக் பிடிக்கிறவளின் தோள்

சீரியல் எடுக்கும் அந்தத் தளத்தில் அவளை எல்லோரும் மைக்கக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. நீளமான கம்பின் நுனியில் மைக்கை மாட்டி, நடிக்கிறவர்களின் தலைக்கு மேலே, கேமராவின் கண்ணில் படாமல் ஏந்தி நிற்பதுதான் அவள் வேலை. கம்பு பெரிய கனமில்லை. காய்கறிப் பை அதைவிடக் கனக்கும். அதனாலேயே அவள் செய்வதை ஒருத்தரும் வேலையாக மதிக்கவில்லை.

"சும்மா நிக்கிறதுக்கா இவ்ளோ சலிப்பு?" என்பான் கேமரா ட்ராலி தள்ளுகிறவன். "என்னப் பாருங்க, நாள் பூரா தள்ளுறேன்."

"தள்ளிட்டுக் கைய விட்டுர்ற இல்ல? வா, மாத்திக்கலாம்."

அவன் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான்.

பழைய டைரக்டர் இருந்தவரை பிழைப்பு ஓடியது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவர் 'கட்' சொல்வார். கம்பு இறங்கும், தோளை உதறிக்கொள்வாள், மறுபடி தூக்குவாள். புதிதாக வந்தவருக்கு அந்தச் சொல்லே ஆகாது. சொன்னால் நடிக்கிறவர்களுக்கு மூடு கலைந்துவிடுமாம். ஒருவர் வசனம் பேசி முடித்தால் மாமியார் முகம், மருமகள் முகம், கொழுந்தன் முகம், கதவோரம் நிற்கும் வேலைக்காரி முகம் என்று கேமரா ஊர்வலம் போகும். நடுவில் யாராவது வசனத்தை மறந்தால், "பரவால்ல, ஓடிட்டுதான் இருக்கு, திரும்பச் சொல்லுங்க" என்பார். கேமராவுக்கு ஸ்டாண்டு உண்டு, விளக்குக்கு உண்டு. பேசுகிறவர் பக்கமெல்லாம் மைக் திரும்ப வேண்டும் என்பதால் மைக்கக்காவுக்கு மட்டும் கிடையாது.

ஒருநாள் மைக் நடுங்கி இறங்கி, மருமகளின் நெற்றிக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"காலைல சாப்பிட்டியா இல்லையா?" டைரக்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "பொம்பளைக்குக் கைல பலம் இருக்காதுன்னு அப்பவே சொன்னேன். இன்னொரு தடவ ஃபிரேமுக்குள்ள வந்தா வேற ஆளப் போட்டுருவேன்."

அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அன்று வீட்டுக்கு வந்தவளுக்குத் தலையில் சீப்பு வைக்கக்கூடக் கை எழும்பவில்லை. அவள் தங்கை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். அக்காவின் தோளை அழுத்திப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு. எவ்ளோ நேரம் இறக்காம வச்சிருந்த?"

"அவன் 'கட்' சொன்னாத்தானடி இறக்க முடியும்? எனக்குத்தான் பலமில்லையாம்."

"பலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" தங்கைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தசைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். உள்ள மெல்லிசா இழைங்க இருக்கு. ஒரு இழை இன்னொண்ணக் கொக்கி போட்டுப் பிடிச்சு இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பிடிச்சத விடுறதுக்கும் சக்தி வேணும். உன் கை அசையாம நிக்குதுன்னு ஊருக்குத் தெரியுது. உள்ள அதுங்க ஓயாம இழுத்துட்டுக் கிடக்குங்க."

"அப்ப ட்ராலி தள்ளுறவனுக்கு?"

"அவனுக்குத் தசை இறுகும், தளரும். தளர்றப்ப ரத்தம் உள்ள போகும். நீ இறுக்கிப் பிடிச்சே நிக்கிறப்ப, அந்தத் தசையே தன் ரத்தக் குழாய நெரிச்சுக்குது. வர்ற தீனி குறையுது, கழிவு வெளிய போகாம தேங்குது. களைச்ச இழைக்குப் பதிலா மூளை வேற இழைய எழுப்பி விடும். அதுங்களும் களைச்சு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அதான் நடுக்கம். நடுவுல கொஞ்சம் இறக்கிட்டாப் போதும், ரத்தம் பாஞ்சுரும். இதப் போய் அவன்கிட்ட சொல்லு."

மறுநாள் போய்ச் சொன்னாள். டைரக்டர் கைப்பேசியிலிருந்து நிமிரவே இல்லை. "டாக்டர் ஆயிட்டியா? போ, ஷாட் ரெடி."

அன்றைக்கு எடுத்தது அறையும் காட்சி. அப்பா வேஷக்காரர் மகனை அறையக் கை ஓங்குவார். அறை விழுவதற்கு முன் கேமரா வீட்டிலுள்ள எல்லா முகத்தையும் சுற்றி வரும். அதுவரை அவர் ஓங்கிய கையோடு நிற்க வேண்டும். மாமியார் முகம் ஆயிற்று. மருமகள் அழ ஆரம்பித்தாள். அப்பாவின் விரல்கள் ஆடின, பிறகு முழங்கையும் ஆடியது.

"ஐயோ சார், கை வலிக்குதா?" டைரக்டர் பதறினார். "கட், கட். சாருக்குச் சேர் போடுங்க, ஜூஸ் கொண்டாங்க. இனிமே முகம் முகமா கட் பண்ணிக்கலாம் சார், உங்க கைதான் முக்கியம்."

மைக்கக்கா கம்பை இறக்கினாள். இத்தனை நாளும் அந்தச் சொல் அவர் வாயில்தான் இருந்திருக்கிறது. அவளுக்காக அதைச் செலவழிக்க மட்டும் மனசு வரவில்லை.

ஜூஸ் குடித்து முடித்து அப்பா எழுந்தார். "சார் கை ஓங்குறத அப்புறம் தனியா எடுத்துக்கலாம், இப்ப மத்த முகங்கள ஒரே ஓட்டமா ஓட்டிரலாம். ரோலிங்," என்றார் டைரக்டர்.

கம்பு தரையிலேயே கிடந்தது.

"மைக் எங்க?"

"முகத்துக்கு முகம் கட் சொல்லுங்க சார், தூக்குறேன். அவருக்குக் கையில தசை, எனக்கு மட்டும் இரும்பா?"

"திமிரப் பாரு. உதவி, நீ எடுடா."

உதவி டைரக்டர் தினமும் ஜிம்முக்குப் போகிறவன், சட்டைக் கை பிதுங்கும் புஜம். ஒற்றைக் கையால் கம்பைத் தூக்கிக் கண்ணடித்தான். மருமகள் முகம் போயிற்று. கொழுந்தன் வசனத்தை மறந்து மூன்றாம் தரம் சொன்னபோது அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வேலைக்காரி முகம் வருவதற்குள் மைக் தடதடவென்று ஆடி, கொழுந்தனின் காதில் இடித்தது.

"சார், முடியல," என்று முனகினான்.

டைரக்டர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காற்றிடம் சொல்வதுபோல, "சரி, முகம் முகமா எடுக்கலாம்," என்றார்.

மைக்கக்கா கம்பைத் தூக்கினாள். முகத்துக்கு முகம் 'கட்' விழுந்தது. மைக் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் டைரக்டர் தயாரிப்பாளரோடு போனில் பேசுவது கேட்டது. "ஆமா சார், கட் பண்ணி எடுத்தா நடிப்பு ஃப்ரெஷ்ஷா வருது. நான்தான் மாத்தினேன். ஒரே ஓட்டமா எடுத்தது சரியா வரல."

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எழுந்தாள். ட்ராலி தள்ளுகிறவன் கையைப் பிடித்தான். "விடுங்கக்கா, நமக்கு ஆக வேண்டியது ஆச்சுல்ல."

"உனக்கு ஆச்சு. எனக்கு இன்னும் பாக்கி இருக்கு."

போன் பேசுகிற மனிதருக்கு எதிரே போய் நின்றாள். அவர் பேசி முடிக்கும்வரை நகரவில்லை.

"பலமில்லன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க சார். அது தப்புன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அப்புறம் கம்பத் தூக்குறேன்."