பிக்கரிங்கில் ஒரு பிரெஞ்சு மாளிகை

வீடு விற்கிற தொழிலில் கால் வைத்தவனுக்கு சனி, ஞாயிறு கிடையாது. உங்களில் யாராவது அந்தப் பாவத்தைச் செய்திருந்தால் என் கதை புரியும். தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில் பிக்கரிங் என்ற ஊரில் ஒரு கொம்பனி கட்டிய புது வீடுகளை நம்முடைய சனத்துக்கு விற்கப் போனேன். நானூறு வருடப் பழைமையான பிரெஞ்சுக் கிராமத்து மாளிகையின் அதே அச்சு என்று விளம்பரத்தாளில் போட்டிருந்தார்கள். செங்குத்தான கூரை, மூலையில் ஒரு கோபுரம், யன்னல்களுக்கு இரு பக்கமும் மரக்கதவு. மாதமுடிவுக்குள் ஒரு வீடாவது விற்காவிட்டால் வேலை இல்லை என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

யன்னல் கதவு

பக்கத்து மல்வேர்னிலிருந்து வீடு பார்க்க வந்த ஒரு அங்கிளுக்கு அந்த மரக்கதவுகள் பிடித்துக்கொண்டன. கள்ளனும் வரமாட்டான், குளிரும் வராது என்று நானும் எடுத்துவிட்டேன். அவர் பூட்டிப் பார்க்க ஒன்றை இழுத்தார். அது அசையவில்லை. அலங்காரத்துக்குச் சுவரோடு ஆணி அடித்த பலகை என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அங்கிள் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, உது பூட்டாட்டிப் பரவாயில்லை. உந்த முன்கதவாவது திறக்குமோ?"

ஈசான மூலை

டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு அன்ரி கைப்பையில் திசைகாட்டியோடு வந்தார். கோபுரம் சரியாக ஈசான மூலையில் விழுந்தது. சாமியறைக்கென்றே கட்டினமாதிரி இருக்கு என்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் அறிவைக் காட்ட, அந்தக் காலத்துப் பிரபுக்கள் இப்படிக் கோபுரத்தில்தான் கறிக்குப் புறா வளர்த்தார்கள் என்று விளம்பரத்தாளில் இருந்ததையும் ஒப்புவித்தேன். இது போன மாதம் கட்டிய வீடு, ஒரு புறாவும் எட்டிப் பார்த்ததில்லை என்று பிறகு எவ்வளவோ மன்றாடினேன்.

"புறா வெட்டின இடத்திலை நான் பிள்ளையாரை இருத்தமாட்டன்."

பதினேழு வாளி

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஒரு அண்ணை வந்தார். கனடா வரமுதல் பிரான்ஸில் இருந்தவர். அதுவும் இப்படியான பழைய மாளிகை ஒன்றில் கூட்டித் துடைத்தவர். சுவரைத் தட்டினார், முன்பக்கம் மட்டும் ஒட்டிய கல். புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தார். அதன் கீழே அடுப்பே இல்லை. இனி ஒளித்து என்ன பயன்? யன்னல் கதவு பூட்டாது என்பது வரை எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரித்தார். அங்கே மழை வந்தால் கூரைக்குக் கீழே பதினேழு வாளி வைப்பாராம். இது ஒழுகுமோ என்று கேட்டார். ஒழுகாது என்றேன். பிறகு வாசலுக்குப் போய், என்னிடம் திறப்பை வாங்கி முன்கதவைப் பூட்டித் திறந்து பார்த்தார்.

"அங்கை அஞ்சு வருசம் பின்கதவாலைதான் போய் வந்தனான். இது பொய் மாளிகையெண்டாலும் பரவாயில்லை தம்பி, முன்கதவுத் திறப்பு என்ரை கையிலை இருந்தாக் காணும்."

அந்த வீட்டைப் பற்றி நான் முழு உண்மை பேசியதும் அன்று ஒருநாள்தான், விற்றதும் அன்று ஒருநாள்தான்.