கதவைப் பிடிக்கும் கணவர்கள்

போன மாதமே இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கத்தியிருக்க வேண்டியது. செல்விதான் தடுத்துவிட்டாள். "முதல்ல ஒரு முடிவு தெரியட்டும்க்கா, அப்புறம் எழுதுங்க" என்றாள். போன திங்கட்கிழமையோடு முடிவு தெரிந்துவிட்டது. இனி என்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

செல்வி மராட்டிய ஊரான இந்த ஆகுர்டியில் எங்கள் மாடி வீட்டுக்காரி. மதுரைப் பக்கம். கேம்ப் என்கிற கடைவீதிப் பகுதியில் ஒரு வங்கியில் ஆபீசர். போன மழைக்காலத்தில் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிளேட், மாதக்கணக்கில் படுக்கை. ஒரு வழியாக எழுந்து கைத்தடியோடு நடந்தாள். கார் ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அப்புறமென்ன?

அப்புறம்தான் கதவு!

திரைச்சீலைத் துணி வாங்க ஒருநாள் அவள் ஓட்டிய காரில் கேம்ப் போனேன். வங்கியின் பின்புறச் சந்தில் வண்டி நிறுத்தும் இடம் நல்ல சரிவு. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். செல்வி கதவைத் தள்ளினாள். திறந்தது... அப்படியே திரும்பி வந்து அவள் முழங்காலில் இடித்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. அவளுக்கு எழுந்திருக்க ஒரு கை தடியில் இருக்க வேண்டும், இன்னொரு கை சீட்டில் ஊன்ற வேண்டும். கதவைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்?

நான் அந்தப் பக்கம் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அவள் விரல் கதவிடுக்கில் மாட்டிவிட்டது. நகக்கண்ணில் ரத்தம்.

வாட்ச்மேன் ஓடி வந்தான். "மேடம், ரிவர்ஸ்மே லகாவோ நா!" என்று யோசனை சொன்னான். ரிவர்ஸில் நிறுத்தினால் கதவு திரும்பி வராதாம். அந்தச் சந்தோ ஒருவழிப் பாதை. வண்டியைத் திருப்ப இடமில்லை. தினமும் அங்கே நின்றுகொண்டு அந்தச் சந்தைப் பார்ப்பவன் சொல்லும் யோசனை இது.

செல்வி கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "வி.ஆர்.எஸ்.னு விருப்ப ஓய்வு குடுக்கறாங்கக்கா. எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருந்துரலாம்னு பாக்கறேன். தினமும் இந்தக் கூத்து என்னால முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளைகள், மாமியார், பதவி உயர்வுப் பரீட்சை, மும்பைக்கு மாற்றல் என்று எதற்கும் அசையாத பெண். அவள் வேலையை ஒரு கார்க் கதவு முடித்து வைப்பதா?

அன்று சாயங்காலம் நேராக மாடி ஏறினேன். செல்வியின் கணவர் முருகேசன் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்தப் பக்கத்து வண்டிக் கம்பெனிகளுக்குக் கதவுச் சாமான்கள் செய்து கொடுக்கும் தொழிற்சாலையில் டிசைன் எஞ்சினியர். கதவைத் திறந்தபடி நிறுத்த ஒரு இரும்புப் பட்டை இருக்கிறதே, 'டோர் செக்' என்பார்கள், அதுதான் அவர் சோறு!

"தம்பி, கார்க் கதவு ஏன் நிக்க மாட்டேங்குது?"

"நிக்குமேக்கா. பாதியில ஒரு ஸ்டாப், முழுசா திறந்தா ஒரு ஸ்டாப். டெஸ்ட்ல எல்லாம் பாஸ்."

"டெஸ்ட்டை எங்க வச்சுப் பண்றீங்க?"

"ஷாப் ஃப்ளோர்ல, ஃபாக்டரிக்குள்ளதான். நல்ல சமமான தரை."

"திறந்து மூடுறது யாரு?"

"மெஷின்."

மெஷினுக்கு இடுப்பு முறியாது. கையில் தடி கிடையாது. தோளில் டிபன் பை தொங்காது. முந்தானை கதவில் மாட்டாது. அது பாஸ் போட்டுவிட்டதாம்!

"சரிவுலயும் நிக்கிற மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?"

"செஞ்சோம்க்கா. எந்த இடத்துல விட்டாலும் அங்கேயே நிக்கும். சாம்பிள் இன்னும் என் ஆபீஸ் அலமாரியில கிடக்கு. மேல ஒத்துக்கலை."

"ஏன்?"

"இப்ப இருக்கறதைப் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையே. எதுக்கு மாத்தணும்னு கேட்டாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி டம்ளரை டக்கென்று வைத்தேன். அவரோ புரியாமல், பெருமையாக வேறு சொன்னார்: "செல்வியையே கேளுங்க. என்கூட வரும்போது ஒருநாளாவது கஷ்டப்பட்டிருக்காளா? நான்தான் சுத்தி வந்து கதவைப் பிடிச்சுக்கறேனே!"

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அதான் கம்ப்ளெயின்ட் வரலை."

செல்வி தடியை ஊன்றி வெளியே வந்தாள். "கதவு நிக்கலைன்னு உங்ககிட்டதான் சொன்னேன். நீங்க ஓடி வந்து பிடிச்சீங்க. போய் உங்க ஆபீஸ்ல சொன்னீங்களா? சொல்லலை. நீங்க பக்கத்துல இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்னு ஒருநாள் யோசிச்சீங்களா?"

பாவம், மனிதர் கெட்டவர் இல்லை. மறுநாள் தன் செக்‌ஷனில் எல்லாரையும் கேட்டாராம்: "உங்க வீட்டம்மா இறங்கும்போது கதவை யாரு பிடிக்கறாங்க?" அத்தனை ஆண்களும் கை தூக்கினார்கள். ஒரு மராட்டிக்காரர் நெஞ்சைத் தட்டி, "மீச் தர்தோ நா!" என்றாராம். நான்தானே பிடிக்கிறேன் என்று! கதவு செய்கிறவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் கதவு நிற்கவில்லை. ஒருவருக்கும் அது கதவின் குறையாகத் தெரியவில்லை, தங்கள் அன்பாகத் தெரிந்திருக்கிறது. என்ன அநியாயம் இது?

கேட்கிறேன், எத்தனை மட்டமான சாமான்களை இப்படி அன்பால் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்? பஸ்ஸின் முதல் படி இடுப்பு உயரத்தில் இருக்கிறது... கை கொடுத்து ஏற்றிவிட ஒரு புண்ணியவான் இருக்கிறார். கேஸ் சிலிண்டரை ஒரு பெண் தனியாக நகர்த்த முடியாது... பக்கத்து வீட்டுத் தம்பி வருகிறார். உதவி செய்கிறவர்களுக்குக் கோடி நன்றி. ஆனால் அந்தத் தம்பி ஊரில் இல்லாத அன்று நாங்கள் சமைக்க வேண்டாமா? ஒவ்வொரு முறையும் யாரையாவது எதிர்பார்த்து, சிரித்து, 'தேங்க்ஸ்' சொல்லி, கூச்சப்பட்டு... இந்தக் கூச்சத்தை எந்த மெஷினாவது டெஸ்ட் பண்ணியிருக்கிறதா?

முருகேசன் மறுபடி மேலிடத்துக்குப் போனார். "பார்க்கலாம்" என்றார்களாம். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! ஆனால் அந்த சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்தபடி அதைச் செல்வி ஓட்டும் காரில் மாட்டினார்.

திங்கட்கிழமை செல்வி தனியாகக் கிளம்பினாள். வி.ஆர்.எஸ்ஸுக்கு அன்றுதான் கடைசி நாள். எனக்கு வீட்டு வேலையே ஓடவில்லை. முருகேசன் தொழிற்சாலையிலிருந்து திரும்பத் திரும்ப எனக்கு போன் செய்தார். "செல்வி ஏதாவது சொன்னாளாக்கா?" ஒன்றும் சொல்லவில்லை. போனே வரவில்லை.

இருட்டிய பிறகுதான் வந்தாள்; அதற்குள் திரும்பிவிட்ட முருகேசனும் நானும் மாடியில் காத்திருந்தோம். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் மூன்று தடவை நின்றுபோனதாம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றதற்கு ஒரு ஆள் கவுன்ட்டரில் ஏறி நின்று சண்டை போட்டானாம். புது மேனேஜருக்கு ஒன்றும் தெரியவில்லையாம். மூச்சு விடாமல் பேசினாள்.

"வி.ஆர்.எஸ். என்ன ஆச்சு?" என்றேன்.

"அதுக்கெல்லாம் எங்கக்கா நேரம்? அந்த ஆள் நாளைக்கும் வருவான். நான் இல்லேன்னா இவங்க சமாளிக்க மாட்டாங்க."

முருகேசனால் பொறுக்க முடியவில்லை. "அது சரி... கதவு எப்படி இருந்துச்சு?"

செல்வி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எந்தக் கதவு?"