இட்லிக் குண்டானில் வெந்த கோழி

எங்கள் வீட்டு இட்லிக் குண்டானில் இட்லி வெந்ததைவிடக் கோழி வெந்ததுதான் அதிகம். இதைச் சொன்னால் செம்மேட்டு டீக்கடையில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தின்று பார்த்தவன் சிரிக்க மாட்டான் என்பது என் கட்சி.

எனக்குச் சமையல் யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் போர்வெல் லாரியில் வடக்கே சுற்றினேன். வண்டியில் எட்டுப் பேர், வாரத்துக்கு ஒருவர் சமையல். என் முறை வந்தபோது ஒரு நாள் எண்ணெய் டின் கவிழ்ந்து காலி. பக்கத்தில் கடை இல்லை, பாஷையும் தெரியாது. கோழியோ அறுத்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கறியை இட்லித் தட்டில் பரப்பி ஆவியில் வேகட்டும் என்று மூடிவிட்டேன். ரப்பர் மாதிரி வந்தது. ஏழு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே தின்றார்கள், எலும்புதான் மிஞ்சியது. அப்போதே எனக்குள் ஒரு திமிர் வந்துவிட்டது.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி மிளகையும் மரவள்ளியையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு அதைச் செப்பம் செய்தேன். நாட்டுக்கோழியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு நறுக்க வேண்டும். கொடியில் பறித்த பச்சை மிளகைச் சின்ன வெங்காயம், பூண்டு, கல் உப்போடு தட்டி, கறியில் பிசறி ஒரு மணி நேரம் விட வேண்டும். மிளகாய் கிடையாது. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. வாட்டிய வாழையிலையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தட்டில் அடுக்கி, கீழே தண்ணீரில் கழுத்தையும் எலும்பையும் போட்டுவிட்டால், அந்தச் சாறு கொதிக்கும் ஆவியிலேயே மேலே கறி வெந்துவிடும். தண்ணீருக்குள் ஒரு கோலிக்குண்டும் கிடக்கும். அது கடகடத்தால் தண்ணீர் இருக்கிறது, நின்றால் வற்றிவிட்டது. அதனால் அடுப்பை விட்டு நகர முடியாது. வெந்த பிறகும் ஒவ்வொரு பொட்டலமாகத்தான் எடுப்பேன். ஆறினால் ருசி போச்சு.

“நோவாளிக்கு வெக்கிற மாதிரி என்னங்க இது?” என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு என்னைவிட ஒரு பொட்டலம் கூடுதலாகத் தின்பாள்.

அவள் அதே மலையில் திண்ணனூர் நாட்டுக்காரி. கூடப் பிறந்தது ஒரே ஓர் அண்ணன். வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். என் கைவண்ணத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? குண்டானை ஏற்றினேன். மகளுக்கு அன்று காய்ச்சல், மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். அவர் கூடத்தில் சாப்பிட்டார், கை கழுவினார், “வாரேனுங்க” என்று சொல்லிப் போனார். போனவர் போனவர்தான்.

அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. போனை எடுக்கவில்லை. செம்மேட்டுச் சந்தையில் என்னைக் கண்டால் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவார். கறி பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். நாக்குச் செத்த மனுஷன், மசாலாப் பொடி போடாவிட்டால் எதுவும் இறங்காது என்று மூன்று வருஷம் வைதேன். நேரில் வைய ஆள் கிடைக்காததால் மனைவியிடம் வைதேன். அவளும் நான் சொன்னதையே நம்பினாள்.

இது என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. மகளுக்கு ஐந்து வயதாகிவிட்டது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரு மாமனும் முறைத்துக்கொண்டால் யார் மடிக்குப் போவது? அவள் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைக் காது மடலில் ஒட்டிக்கொண்டு, “கம்மல் நல்லாருக்குதா?” என்று என்னிடம் காட்டுவாள்.

போன மாசம் மனைவி வேறொருவர் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு அழுதேவிட்டாள். “அழுவாத சாமி, ஞாயித்துக்கெழம வாரேன்” என்றார் அண்ணன். போனை வைத்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குண்டானைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள்.

“கொழம்பு நான் வெக்கிறேன். நீங்க அடுப்படிப் பக்கமே வரப்படாது. அண்ணன் பக்கத்துல நின்னு பரிமாறுங்க, அது போதும்.”

எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. என் வீட்டில், என் கோழிக்கு, என் கை படக் கூடாதாம். ஆனாலும் அந்த ஸ்டிக்கர் பொட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். இலை போட்டு, சாமைச் சோறு வைத்து, குழம்பை ஊற்றினேன். செய்ய வேறு வேலை இல்லாததால் எதிரிலேயே உட்கார்ந்தேன். மழை, வாழைத்தார், கொண்டை ஊசி வளைவில் வண்டி படும் பாடு என்று பேச்சு ஓடியது. இரண்டாவது முறை சோறு வாங்கியவர், சட்டென்று அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, அந்தப் பொட்டலக் கறி இன்னைக்கு இல்லீங்களா?”

நான் விழித்தேன். “அது உங்களுக்குப் புடிக்கலீங்களே மச்சான்?”

“ஆருங்க சொன்னது? ஆறு பொட்டலம் தின்னேனுங்க அன்னைக்கு.”

“அப்புறம் ஏனுங்க வரவேயில்ல?”

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒவ்வொரு பொட்டலமாக் கொண்டாந்து எலையில போட்டுட்டு ஓடீட்டீங்க. சோறு வேணுமான்னு கேக்க ஆளில்ல. தண்ணி கேட்டுக் கூப்பிட்டேன், அதுக்கும் ஆளில்ல. தங்கச்சி ஊட்டுல நாய்க்குச் சோறு வெச்சாப்ல வெச்சிட்டுப் போறாங்களேன்னு மனசு விட்டுப் போச்சுங்க.”

அடுப்படியில் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோலிக்குண்டின் கடகடப்பில் அவர் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. விருந்தாளிக்கு ருசி காட்டுவதில் இருந்த முனைப்பில் விருந்தாளியையே மறந்திருக்கிறேன். மூன்று வருஷமாக அவர் நாக்கைக் குறை சொன்னவன் நான்.

“தப்புங்க மச்சான். என்மேலதான் தப்பு” என்றேன். சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் இலைக்கு முன்னால் குனிந்தேன்.

“போதுமுங்க, போதுமுங்க” என்று இலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்தார்.

நான் விடவில்லை. கையை விலக்கி ஒரு கரண்டி போட்டேன், இன்னொன்றும் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகளை, “வா கண்ணு” என்று இடது கையால் இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தச் சோற்றையும் பிசைய ஆரம்பித்தார்.