குளவி நிரை

மாணிக்கராஜைக் குளவி கொட்டிக் கொன்றது தொண்ணூற்றேழாம் ஆண்டு, அப்புத்தளைக்குக் கீழே ஏழாம் நம்பர் மலையில். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார், ஓடைக்காட்டுக் கூடுகளிலிருந்து கிளம்பிய குளவிகள் விடவில்லை. தோட்டத்து லொறி தொழிற்சாலை ஸ்டோருக்குப் போய்க் கொழுந்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துதான் அவரை ஏற்றியது. ஆஸ்பத்திரியில் பிரான்சிஸ்காவுக்குப் புருஷனின் முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டையைப் பார்த்து, அவர்தான் என்றாள்.

அடக்கம் முடிந்து வேலைக்கு வந்த காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அந்த ஓடைக்காட்ட வெட்டிக் கொளுத்துங்க. அதுவரைக்கும் நான் மலைக்கு எறங்க மாட்டேன். நாளைக்கு எம் மக டிலானியும் இங்கதான் பேர் பதியப் போறா."

மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கவிழ்த்தார்கள். சம்பளம் கேட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் துரை, இதற்கு உடனே தலையாட்டினார். காட்டு மரங்கள் விலைபோய் லொறி லொறியாகப் பெரகல பக்கம் இறங்கியபோதுதான் ஏன் என்று புரிந்தது. மிச்சக் காட்டுக்கு வைக்க முதல் பந்தத்தைப் பிரான்சிஸ்காவிடம் கொடுத்தார்கள். கூடுகள் காகிதம்போலப் பற்றி விழ, "வேகுங்கடா!" என்று கத்தினாள். லயத்து வரிசை வீடுகளின் சனம் கைதட்டியது.

வெட்டிய இடத்தில் யூக்கலிப்டஸ் வரிசை கட்டி நின்றது. சில வருடங்களில் லயத்தார் குடம் வைத்துப் பிடிக்கும் பீலியில் தண்ணீர் நூலாக இளைத்து, ஒரு மாசியில் நின்றே போனது. கூடவே புழு வந்தது. இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்னும் புழு. மருந்து அடித்தார்கள், அடித்தவன் வாந்தியெடுத்தான், புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எடை குறைந்தவர்களுக்குக் கங்காணி அரைப்பேர் போட்டார், பாதிச் சம்பளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த வெளிக்கள உத்தியோகத்தர் தனேஸ்வரனைப் பெண்கள் மறித்துக் கேட்டார்கள்.

"உந்தக் காட்டில குளவி மட்டுமே இருந்தது?" என்றார் அவர். "குருவி, ஓணான், சிலந்தி, பேர் தெரியாத பூச்சியள் எண்டு எத்தினை! ஒண்டு முட்டையைத் தின்னும், ஒண்டு புழுவைத் தின்னும், ஒண்டு விட்டதை மற்றது பிடிக்கும். குளவி தன்ர குஞ்சுக்குக் கொண்டுபோறதே புழுவைத்தான். மழைத் தண்ணியைப் பிடிச்சு வைச்சதும் அந்தக் காட்டு வேர்தான். எல்லாத்தையும் எரிச்சுப்போட்டு இப்ப என்னட்டக் கேக்கிறியள்."

அன்றிலிருந்து பிரான்சிஸ்காவின் பெயர் பந்தக்காரி.

"கொடத்த வச்சுட்டு நில்லுங்கடி, பந்தக்காரி வந்து ஊதி வுடுவா, தண்ணி வரும்" என்பாள் லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி. அன்று இரண்டாவதாகக் கூடையைக் கவிழ்த்தவள் அவள்தான்.

டிலானி பேர் பதிந்த வருடமே குளவிகள் திரும்பின. தொங்கக் காடு இல்லாததால் தேயிலைச் செடிக்குள்ளேயே, இடுப்பு உயரத்தில் கூடு கட்டின. அந்தக் கூட்டைச் சுற்றி இருந்த செடிகளில் மட்டும் புழு இல்லை. கொழுந்து கொழுகொழுவென்று நின்றது.

"கூட்டுல யாரும் கை வைக்கக்கூடாது. கொழுந்த மட்டும் எடுக்கணும். தொர உத்தரவு" என்றார் கங்காணி. பெரட்டில் கூடு இருந்த செடி வரிசைக்கு, அந்த நிரைக்கு, யாரும் முன்வரவில்லை. "சரி, புதுசாப் பதிஞ்சவ யாரு? டிலானி. நீ போ."

பிரான்சிஸ்கா கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"கொளுத்துங்க."

ஒரு கூடையும் கவிழவில்லை.

"ஒருதரம் நீ கொளுத்துனது போதும்டி" என்றாள் பெரியாயி. "அந்தக் கொழுந்தாச்சும் மிஞ்சட்டும். எம் புள்ளைங்களும் திங்கணும்."

"அப்ப அந்த நெரைய எனக்குக் குடுங்க கங்காணி. கும்புடுறேன்."

"ஒனக்கா? நீ பந்தத்தோடல்ல போவ?"

களமே சிரித்தது. டிலானி அம்மாவைப் பார்க்காமல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பிரான்சிஸ்காவுக்கு மலையின் மறுகோடியில் நிரை கிடைத்தது. அவள் கை புழு தைத்த இலையைப் பிரித்துக்கொண்டிருந்தது. காது மட்டும் ஏழாம் நம்பர் மலை முழுக்க அலைந்தது. மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது டிலானி முழுசாக வந்து நின்றாள். அவள் கூடைதான் எல்லாவற்றிலும் கனம். அம்மாவுக்கு அரைப்பேர், மகளுக்கு முழுப்பேர்.

கங்காணி தராசிலிருந்து நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரி! இனி அந்த நெர ஒனக்குத்தான்."